மடவை ஓடையின் அக்கரைக் கம்பு

எண்ணூர்க் குப்பம்,
1951, மாசி மாதம்.

பினாங்கில் இருக்கும் என் மகன் லோகநாதனுக்கு உன் நைனா கன்னியப்பன் சொல்லி எழுதுவது. லோகு, எப்படி இருக்கிறாய் அப்பா? நேரத்துக்குச் சோறு கிடைக்கிறதா? மூட்டை தூக்கி முதுகில் பிடிப்பு என்று போன தடவை எழுதியிருந்தாயே, அது விட்டதா இல்லையா? அங்கே காட்டுக்குள் சண்டை நடக்கிறது என்று ஸ்டேஷன் பக்கம் பேப்பர் படிக்கிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நீ காட்டுப் பக்கம் தலை வைக்காதே, துறைமுகத்தோடு இரு. நாங்கள் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறோம் என்று முதலில் போட்டாக வேண்டுமாம், சிலுவைமுத்து சொல்கிறான். போட்டுக்கொள் என்றேன். கை கால் சுகம்தான். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சிலுவைமுத்து யார் என்று கேட்பாய். ஸ்டேஷனுக்கு எதிரில் புதிதாக மளிகைக் கடை வைத்திருக்கும் தெற்கத்திக்காரன், நல்ல மனுஷன், நிறுத்துப் போடும்போது தராசைத் தொடமாட்டான். நான் வாயால் சொல்வதை அவன் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறான், ஆனால் அடுத்தவர் பேசினதை மட்டும் அவர்கள் பேசின மாதிரியே போடு, அதில் கை வைக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் அம்மா மங்கைக்கு முழங்கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. நொச்சி இலையை வதக்கிக் கட்டுகிறாள், கட்டிவிட்டு நாள் முழுக்க என்னைத் திட்டுகிறாள், திட்டினால் வலி குறைகிறதாம். திருவொற்றியூர்ப் பக்கம் புதிது புதிதாக ஆலை வருகிறது, காற்று திரும்பினால் அந்தச் சங்கு இங்கே வரைக்கும் கேட்கிறது, உன் அம்மா அதைக் கேட்டுத்தான் உலை வைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாததால் சோறு தாமதமாகிறது.

சிலுவைமுத்து பேனாவைத் தட்டுகிறான். "பெரியவரே, உலை வச்சது போதும், சங்கதிக்கு வாரும்" என்கிறான். வருகிறேன். இன்னும் கொஞ்ச நாளில் குப்பத்துத் தலைமை பார்க்கும் நம் நாட்டார் தேசப்பன் பேரில் உனக்கு ஒரு கடிதம் வரும். உன் தங்கை கெங்கம்மாவுக்குக் கோடிச் சேலை எடுத்து அனுப்பு, இல்லையென்றால் இங்கேயே எடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை எழுது என்று அதில் இருக்கும். கூடப்பிறந்தவன் கோடி போடாமல் நம் குப்பத்தில் ஒருத்தியின் தாலியை யாரும் இறக்க முடியாது, நாட்டாராலும் முடியாது. ஆகையால் அவள் பூவோடு இருப்பதும் பூ இல்லாமல் இருப்பதும் இப்போது உன் கையில் இருக்கிறது. நீ அதற்குப் பதில் போடுவதற்கு முன்னால் நான் சொல்வதை முழுக்கப் படித்துவிடு, அதற்காகத்தான் மீன் உலர்த்துகிற வேலையையும் விட்டுவிட்டு, இவனை நம் வீட்டுத் திண்ணைக்கே கூட்டி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை வேலப்பன் ஐப்பசி அடைமழையில் மடவை ஓடைக்குப் போய்த் திரும்பவில்லை என்பதை அப்போதே எழுதச் சொன்னேன். மேலே ஏரி நிரம்பி வெள்ளம் வருகிறது என்று தெரிந்ததும், இரு கரையிலும் நட்டு வலை கட்டுகிற சவுக்குக் கம்பை அடித்துக்கொண்டு போய்விடும் என்று பிடுங்கப் போனான். மீன் போட இடுப்பில் கட்டியிருந்த ஓலைப்பறி மட்டும் கண்டல் செடியில் மாட்டிக் கிடந்தது. ஓடையில் வலை போட்டு இழுத்தோம், முகத்துவாரம் வரை தேடினோம், கடலோரக் குப்பங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினோம். தண்ணீரில் போனவன் ஊதி மேலே வருவான், இவன் வரவில்லை. கடல் உள்ளே வாங்கிவிட்டது என்று பாதிப் பேர். மீதிப் பேர், அவன் உன் பேரைச் சொல்லிச் சொல்லி, "மாமா, நானும் லோகு மச்சானாண்ட போயிடறேன், இந்தச் சேத்துல இன்னா கீது" என்று பேசிக்கொண்டிருந்ததை நினைவு வைத்து, ராயபுரத்தில் கப்பல் ஏறிவிட்டான் என்றார்கள். உன்னிடம் வரவில்லை என்று நீ எழுதினாய். இப்போது மறுபடி கேட்கிறேன் லோகு, தங்கையிடம் மறைக்கச் சொல்லி அவன் உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தால் அந்தச் சத்தியத்தை என் தலையில் போட்டுவிட்டு உண்மையைச் சொல்லிவிடு.

நீ போய் ரொம்ப நாள் ஆனதால் பாடு விஷயம் உனக்கு மறந்திருக்கும், மறுபடி சொல்கிறேன். அம்மன் கோயில் வாசலில் தேசப்பன் நின்று பேர் கூப்பிடுவார், யார் பேர் வருகிறதோ அவனுடைய பாடு அன்றைக்கு, மடவை ஓடையில் அவன் மட்டும்தான் வலை கட்டலாம். பேர் கூப்பிட்டால் வலை விழ வேண்டும். கூப்பிட்டும் கூப்பிட்டும் விழவில்லை என்றால் பேரை எடுத்துவிடுவார்கள், பேரை எடுத்துவிட்டால் அந்த மனுஷன் செத்தவன் கணக்கு. ஆள் கிடைக்காமல் போனவன் வீட்டில் எப்போது பூவை எடுப்பது என்பதற்கு நம்மிடம் வேறு கணக்கு கிடையாது. வேலப்பன் பேரைக் கார்த்திகையில் கூப்பிட்டார்கள், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், வலை விழவில்லை. அடுத்த முறை கூப்பிட்டதும் அப்படியே. மார்கழியில் கூப்பிட்ட மறுநாள் காலையில் உப்பளத்துக் காவல்காரன் சௌக்கத் அலி மூச்சிரைக்க ஓடி வந்தான். ஓடையில் வேலப்பன் வலை கட்டியிருக்கிறது, உள்ளே இறால் மினுங்குகிறது, ஆள் இல்லை என்றான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வலையில் மீன் சேருகிற மடி அவிழ்ந்து கிடந்தது, மீன் ஒன்றும் இல்லை. அடுத்த முறை பேர் கூப்பிட்டபோதும் அப்படியே நடந்தது. மீன் பிடிக்கிறது, எடுக்கவில்லை, திருப்பி விட்டுவிடுகிறது என்றால் அது என்ன, நீயே சொல். குப்பம் முழுக்க ஒரே பேச்சு, "வேலப்பன் அடங்கல, தன் பாட்ட தானே ஓட்டிக்கினு கீறான்" என்று. ஓடைக்கரையில் வெற்றிலை பாக்கு வைத்தார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள், யாரோ ஒரு கலயம் கள்ளும் வைத்தான், அதை மட்டும் பேய் குடித்துவிட்டது, எந்தப் பேய் என்று எனக்குத் தெரியும், அது கிடக்கட்டும். தன் முறை வந்தவர்களும் ஓடையில் இறங்கப் பயந்தார்கள். தேசப்பன் என்னைக் கூப்பிட்டு, "கன்னியப்பா, உம் மாப்பிள்ள அலைஞ்சிகினு கீறான். காரியம் பண்ணி, தாலிய எறக்கி, அவன அனுப்பி வுடு. குப்பம் பட்டினி கெடக்குது" என்று சொன்னார். அவரும் கெட்டவர் இல்லை, கண்ணில் தண்ணீரோடுதான் சொன்னார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அவன் அந்த ஓடைக்குள் கிடக்கிறானா இல்லையா என்று என் உடம்பால் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். சரி என்றார்கள். தை மாதத்து மூடுபனி, வெளுத்தும் வெளுக்காத நேரம், ஏரித் தண்ணீர் வழிந்து ஓடை தொடங்குகிற இடத்தில் போய் இறங்கினேன். கண் அங்கே உதவாது, நீட்டின கை தெரியவில்லை. நாற்பது வருஷமாக இந்த ஓடையில் மீன் தேடியிருக்கிறேன், மனுஷனைத் தேடினது கிடையாது. அள்ளி வாயில் வைத்தால் மேல்கோடியில் தண்ணீர் இனிப்பு, புது மண் பானையில் ஊற்றி வைத்த மாதிரி, பின்னால் லேசாகப் புல் வாசம். காலுக்கடியில் கோரை வேர் பாய் விரித்த மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் களிமண், வழவழவென்று, கால் விரல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அங்கேயே உள்ளங்காலைப் பரப்பிப் பரப்பித் தடவினேன். தட்டுப்பட்டது எல்லாம் கட்டை, நத்தை ஓடு, உடைந்த சட்டி. உப்பளத்து வாய்க்கால் வந்து சேருகிற இடத்தில் தண்ணீரை நாக்கில் வைத்தால் நாக்கு சுருட்டிக்கொள்ளும், அது கரிப்பு இல்லை, கசப்பு, உப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர். அதில் மீன் நிற்காது, அந்த இடத்தை எல்லா மீனும் ஒரே மூச்சில் தாண்டிப் போகும். நானும் அப்படித்தான் தாண்டினேன்.

அதற்குக் கீழே கண்டல் காடு. உனக்கு அந்த வாசம் ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு என் தோளில் உட்கார்ந்து வருவாய். கறுப்புச் சேறு முழங்கால் வரை வாங்குகிறது, காலை எடுக்கும்போது உள்ளிருந்து குமிழி கிளம்பி ஆடுதசையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஏறி மேலே வந்து உடைகிறது, அழுகின முட்டை நாற்றம். மேல் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, கீழே சேறு வெதுவெதுப்பாக இருக்கிறது, ஏதோ படுத்து இப்போதுதான் எழுந்து போன பாய் மாதிரி. அந்த வெதுவெதுப்புதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்டல் வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நிற்குமே, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றும் யாரோ கையை நீட்டுகிற மாதிரியே இருந்தது, தொட்டால் வேர். நண்டுகள் வளைக்குள் ஓடுகிற சத்தம் சுற்றிலும் கிசுகிசுவென்று, நான் நின்றால் நிற்கும், நடந்தால் கேட்கும். அப்போது பாலத்தில் ரயில் ஏறியது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் தண்ணீர் வழியாக முழங்காலுக்கு வந்துவிட்டது. வேலப்பன் இதைத்தான் சொல்வான், "மாமா, ரயிலு மொதல்ல என் காலுலதான் வருது" என்று. அவன் சொன்னபோது சிரித்தேன்.

பாலத்துக்கு மேற்கே ஒரு மடு இருக்கிறதே, அங்கே கழுத்தளவு. கிடக்கிறான் என்றால் அங்கேதான் கிடக்க வேண்டும். பெண்கள் இறால் தடவுகிற மாதிரி மூச்சை அடக்கி மூழ்கி இரண்டு கையாலும் அடிமண்ணைத் தடவினேன். தண்ணீருக்குள் இறால் சொடுக்குகிற சத்தம் உனக்குத் தெரியும், விறகு வெடிக்கிற மாதிரி நான்கு பக்கமும் சடசடவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டுக்கொண்டே இருந்தது, திடீரென்று ஒரே நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. யாராவது புதிதாகத் தண்ணீரில் இறங்கினால்தான் அது அப்படி நிற்கும். நான் இறங்கியோ ரொம்ப நேரம் ஆகிவிட்டது. மேலே வந்தேன். பனிதான். "மாப்பிள்ளே" என்று கூப்பிட்டேன் லோகு, ஏன் கூப்பிட்டேன் என்று கேட்காதே. கால் கீழே வைத்து நின்றதும் என் தொடையில் ஒரு கயிறு இழுத்துப் பிடித்த மாதிரி தட்டுப்பட்டது, தண்ணீர் போகிற வேகத்துக்கு அது நடுங்கிக்கொண்டிருந்தது, தொட்டால் உறுமல் கையில் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, முந்தின நாள் சாயங்காலம் கோயிலில் கூப்பிட்டது வேலப்பன் பேர்.

சிலுவைமுத்து எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். எழுதடா, உனக்கு ஒன்றும் ஆகாது என்கிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டே முதலில் இக்கரைக்கு வந்தேன். கம்பில் கட்டின முடிச்சைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, விரலால் பார்த்தேன். அது ஆம்பளை முடிச்சு இல்லை. ஆட்டுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு, அதுவும் நம் வீட்டு ஆட்டுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு. மூக்கில் வைத்தேன், மஞ்சள் வாசம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக ஒரு குப்பமே இதைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் காரணம் இருக்கிறது. பொம்பளை கை பட்டால் அந்த வலையில் மீன் ஏறாது என்பது நம் குப்பத்துக் கணக்கு. ஆகையால் பேய் என்று நினைக்க எல்லோராலும் முடிந்தது, பொம்பளை என்று நினைக்க ஒருத்தனாலும் முடியவில்லை, என்னாலும்தான்.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து மரிக்கொழுந்து வாசம் வந்தது, பிறகு வளையல் சத்தம், பிறகுதான் கெங்கம்மா. மடியை அவிழ்த்து மீனைப் போக விடுவதற்கு வந்திருக்கிறாள். நான் அசைந்ததும் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள், பிடித்ததும் விட்டுவிட்டாள். "நைனா, நீயா?" என்றாள், "நான் அவருன்னு நெனச்சிகினேன்." இன்னாம்மா இது என்று மட்டும் கேட்டேன். "பேரு கூப்புட்டா வலை வுழணும் இல்ல? வுழலேன்னா அவரு பேர எடுத்துடுவாங்க" என்றாள். மீனை ஏனம்மா விட்டுவிடுகிறாய் என்றேன். "எடுத்துனு போயி எங்க விப்பேன்? ஏதுன்னு கேக்க மாட்டாங்களா? எனக்கு மீனு வாணாம் நைனா, அவரு பேரு இருந்தா போதும்." அப்புறம் சேற்றிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள், அதைத்தான் நீ நன்றாகப் படிக்க வேண்டும். "வலை வுழலேன்னா பொணம்ன்றாங்க, வுழுந்தா பேய்ன்றாங்க. அவரு உயிரோட கீறாருன்னு சொல்றதுக்கு நான் இன்னாதான் பண்ணணும் நைனா?" புருஷன் இருக்கிறான் என்று காட்டுவதற்காக இவள் வலை கட்டியிருக்கிறாள், அதையே சாட்சியாக வைத்து அவன் செத்துவிட்டான் என்று ஊர் முடிவு செய்திருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். அவளை உட்கார வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து அக்கரைக்கு நடந்தேன். அந்தக் கம்பில் இருந்தது வேறு முடிச்சு. வேலப்பனுக்குக் கெளுத்தி முள் குத்தி இடது கை ஆட்காட்டி விரல் மடங்காது, அதனால் அவன் கயிற்றைத் தலைகீழாகச் சுற்றி முனையை உள்ளே சொருகுவான், அந்த மாதிரி நம்மில் வேறு யாரும் கட்டுவதில்லை. அந்த முடிச்சு. ஐப்பசியில் கட்டினது அப்படியே கிடக்கிறதோ என்று நாக்கை வைத்துப் பார்த்தேன். பழைய கயிறு என்றால் பாசியும் உப்பும்தான் நாக்குக்கு வரும். இதில் பட்டைத் துவர்ப்பு வந்தது, மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் புதிதாகத் துவர் ஏற்றின கயிறு. திரும்பி வந்து, அக்கரையில் யாரும்மா கட்டுகிறார்கள் என்று கேட்டேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை. "நான் கட்டல. மொத தடவ வந்தப்பவே அந்தப் பக்கம் கட்டிக் கீது. கயித்து முனை இக்கரை வரைக்கும் வந்து சேத்துல கெடக்கும், நான் இந்தப் பக்கம் மட்டும் வலைய பூட்டுவேன். சொன்னா யாரு நம்புவாங்க?" என்றாள். அவளாகவே அக்கரைக்குப் போய் அவன் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டு வந்து, அதை அவளே மறந்துவிடுகிறாளோ என்றும் நினைத்தேன், துக்கத்தில் மனசு என்னென்னவோ செய்யும். சௌக்கத் அலியைக் கேட்டேன், "அல்லா மேல ஆணையா அந்தப் பக்கம் நான் இப்ப ஒண்ணுக்குக்கூட போறதில்ல பெருசு" என்றான். உன் அம்மாவைக்கூடக் கேட்டேன், "யோவ், பாயில இருந்து எழுந்துக்கவே ரெண்டு ஆளு வேணும், நான் ஓடை தாண்டி முடிச்சு போடுறேனா? உனக்கு மூளை கீதா?" என்று நொச்சி இலையை என் மேல் எறிந்தாள். எனக்குத் தெரியவில்லை லோகு. தெரியாது என்பதைத் தெரியாது என்றே எழுதச் சொல்கிறேன்.

ஆனால் அவள் கட்டினதை மறைத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. பேய் என்று ஊர் நம்பிக்கொண்டே இருந்தால் கோடி வந்துதான் தீரும். கோயில் வாசலில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன், வலை கட்டினது என் பெண் என்று. தேசப்பன், "இன்னா கன்னியப்பா, பேயின்னு சொல்லிகினு இருந்தா கூட மானமா இருந்திருக்கும். அப்ப வெத்தல பாக்கு வெச்சதெல்லாம் உம் பொண்ணுக்கா?" என்றார். பின்னால் ஒருத்தன், "கள்ளு யாருக்குன்னு கேளு" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், சிரித்த பிறகு எல்லோருக்கும் கோபம் வந்தது. பொம்பளை தொட்ட பாடு செத்த பாடு, பேரை எடு என்று சத்தம் போட்டார்கள். நான் சௌக்கத் அலியைப் பார்த்து, நீ பார்த்தபோது அந்த வலையில் மீன் ஏறியிருந்ததா இல்லையா, நீயே உன் வாயால் சொல் என்றேன். "ஏறிச்சு, சட்டி சட்டியா அள்ளலாம்" என்றான் அவன். பேரை எடு என்று முன்னால் வந்தவர்கள் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அக்கரை முடிச்சைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, கெங்கம்மாவும் திறக்கவில்லை. ரொம்ப நேரம் பேசிக் கடைசியில் தேசப்பன் தீர்ப்புச் சொன்னார். "பொறந்த வூட்டு ஆம்பள ஒருத்தன் கூட நின்னா அவ வலை கட்டட்டும். அவ அண்ணங்காரன் கோடி அனுப்பினா பேர எடுக்கறோம், அனுப்பலேன்னா பாடு ஓடட்டும். அவன் இன்னா சொல்றானோ அதுக்கு மேல நாங்க பேச மாட்டோம்." கெங்கம்மா கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "அண்ணன் இன்னா சொல்லும் நைனா?" என்று ஒரு தடவைதான் கேட்டாள்.

ஆகையால் கோடி அனுப்பாதே அப்பா. வேலப்பன் இருக்கிறான் என்று உனக்கு நான் சத்தியம் செய்யவில்லை. அந்த ஓடையை மேலிருந்து கீழ் வரை காலாலும் கையாலும் நாக்காலும் தேடிவிட்டேன், அவன் அதற்குள் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவேளை என்றைக்காவது அவளே என்னிடம் வந்து, போதும் நைனா என்று சொல்லலாம். சொன்னால் அன்றைக்கு நானே உனக்கு எழுதுவேன், அப்போது நல்ல துணியாக எடுத்து அனுப்பு. தாலி அவள் சொல்லி இறங்கட்டும், பயந்துபோன ஊருக்காக அது இறங்க வேண்டாம். ஊரில் பேசுகிறவர்கள் உனக்கும் எழுதுவார்கள், வயசுப் பெண்ணை ஓடையில் இறக்கி விட்டிருக்கிறான் கிழவன், புத்தி கெட்டுவிட்டது என்று. அவர்கள் எழுதட்டும். உன் பதில் தேசப்பன் கைக்கு நேராக வரும்படி போடு, நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும், கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் படித்துவிடுவார்கள்.

தாள் முடியப்போகிறது என்று சிலுவைமுத்து காட்டுகிறான். எங்கே இருந்தாலும் நம் குப்பத்து அம்மன் உன் தலைக்கு மேல் நிழலாக நிற்கட்டும், உன் கையில் பிடித்த கயிறு அறாமல் இருக்கட்டும், நீ தின்னும் சோறு உடம்பில் ஒட்டட்டும். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊர் மழையில் நனைந்துவிட்டு ஈரத் துணியோடு தூங்காதே. அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்ததாகப் போடச் சொன்னாள். பதில் போட மறக்காதே, தேசப்பன் கடிதம் வருகிற வரைக்கும் காத்திராமல் இதைப் பார்த்த உடனே போடு.

இப்படிக்கு,
உன் நைனா கன்னியப்பன்,
கைநாட்டு.

கைநாட்டு வைத்த பிறகும் தாளில் சில வரிக்கு மட்டும் இடம் இருக்கிறது, அதனால் இதையும் போடச் சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் வேலப்பன் பேரைக் கூப்பிட்டார்கள். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, நாங்கள் இரண்டு பேரும் வலை கட்டப் போகிறோம். கரையில் இப்போதே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இங்கிருந்தே பேச்சுச் சத்தம் கேட்கிறது. கெங்கம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அவள் இக்கரையில் நிற்கட்டும், அக்கரைக்கு நானே போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அந்தக் கம்பில் இனிமேல் என் முடிச்சுத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் இவளுக்கும் எனக்கும் தூக்கம் வரும். அதோ கூப்பிடுகிறாள், "நைனா, தண்ணி திரும்பிகிச்சு, எல்லாரும் பாத்துனு கீறாங்க, சீக்கிரம் வா" என்று. வருகிறேனம்மா. லோகு, நான் போய் அக்கரையில் கை வைக்கும்போது அங்கே முன்னாலேயே கட்டியிருந்தால், அதை அவிழ்ப்பதா இல்லை அப்படியே…